பிந்திப் பிறந்த மான்கன்று

கனடாவின் மேற்கே, ரொக்கி மலைத்தொடரில் வாழும் பெரிய மானினத்தை இந்நாட்டார் எல்க் என அழைப்பர். வாபிற்றி என்பது அதன் மறுபெயர். வெண்பிட்டம் எனப் பொருள்படும் அச்சொல் வட அமெரிக்க முதற்குடி மக்களின் மொழியிலிருந்து வந்தது. இலங்கையை ஆண்ட ஆங்கிலேயர் நமது மரையையும் எல்க் என்றே எழுதிவைத்தனர். பெயர் ஒன்றாயினும் விலங்கு வேறு. பனிக்காலம் இல்லாத நாட்டில் வாழும் மரை ஆண்டின் எம்மாதத்திலும் கன்று ஈனக்கூடும். எல்க்கிற்கோ நாட்கணக்கே உயிர்க்கணக்காகும்.

அக்கணக்கை நாம் போட்டுப் பார்ப்போம். செப்டெம்பர் இருபதாம் நாளளவிற் பெண்மான் சினைப்பட்டால், ஏறத்தாழ எட்டரை மாதங்கள் கழிந்து யூன் முற்பகுதியிற் கன்று பிறக்கும். அச்சுற்றில் சினைப்படாவிடின் மூன்று வாரங்கள் காத்திருத்தல் வேண்டும். கன்று யூன் பிற்பகுதிக்குத் தள்ளிப்போகும். மேலும் ஒரு சுற்றுத் தவறினால் யூலை நடுப்பகுதியாகிவிடும். முந்திய குளிர்காலத்தில் மெலிந்த தாயும், முதன்முறை சினைப்படும் இளந்தாயுமே பெரும்பாலும் இவ்வாறு பிந்துவன.

பிறக்கும்போது கன்றின் எடை ஏறத்தாழ 15 கிலோ. கோடையில் அது நாளொன்றுக்கு அரைக் கிலோவுக்கு மேல் வளரும். ஆறு வாரம் பிந்திய கன்று இருபது கிலோவுக்கு மேல் இழந்தே வாழ்வைத் தொடங்குகிறது எனலாம். இழப்பு அம்மட்டில் நில்லாது. யூன் மாதத்து இளம்புல் சத்து மிக்கது. ஓகஸ்டில் அது முற்றிக் காய்ந்துவிடும். தாய்க்குப் பால் மிகுதியாகத் தேவைப்படும் வேளையில் மேய்ச்சல் வறண்டுவிடுகிறது. மேலும், ஒரே காலத்திற் பல கன்றுகள் பிறக்கும்போது கரடியும் ஓநாயும் எல்லாவற்றையும் பிடித்தல் இயலாது. தனித்துப் பிந்திய கன்றுக்கு அக்காப்பும் இல்லை.

பின்னர் பனி வருகிறது. சிறிய உடல் தன் எடைக்கு மிகுதியான வெப்பத்தை இழக்கும். தேநீர்க் கிண்ணம் பெரிய பானையினும் விரைவில் ஆறுவதை நாம் அறிவோம். குறுகிய கால்கள் ஆழ்ந்த பனியிற் புதையும். குளம்பாற் பனியைக் கிளறிப் புல்லைத் தேடுவதிலும் பெரிய மான்களே முந்திக்கொள்ளும். கன்று தன் கொழுப்பைச் சிறிது சிறிதாகக் கரைத்தே உயிர் தாங்குகிறது. நடுங்கும் சனவரியைவிடக் கொடியவை மார்ச்சும் ஏப்பிரலும். வெயில் காயத் தொடங்கியபோதிலும் புல் முளைத்திராது, சேமிப்போ தீர்ந்திருக்கும். வசந்தம் முந்தி வரும் ஆண்டுகளிற் பிந்திய கன்றுகளும் தப்பிப் பிழைக்கின்றன. அவ்வாறு பிழைத்தாலும் கணக்குத் தாயிடம் தொடரும்: இலையுதிர் காலம்வரை பாலூட்டி மெலிந்த தாய் மீண்டும் பிந்தியே சினைப்படும், சிலவேளை சினைப்படாமலே விடும்.

கோடை விடுமுறையில் பான்வ், யஸ்பர் பூங்காக்களுக்குச் செல்லும் பெற்றோர்க்கு ஒன்று கூறவேண்டும். புல்லிடையே புள்ளிகளோடு தனித்துக் கிடக்கும் கன்று கைவிடப்பட்டதன்று. தாய் அதனை மறைத்துவைத்து அண்மையில் மேய்கிறது. பாலூட்ட மீண்டு வரும். தொடாதீர்கள், பிள்ளைகளை நெருங்கவும் விடாதீர்கள். முப்பது மீற்றர் விலகி நிற்பது அங்குள்ள விதி. கன்றைக் காக்கும் தாய்மான் முன்னங்கால்களால் உதைக்கும்.