தீப்பாதுகாப்பில் விலையைவிட வரிசை முக்கியம்

கடலூர் மஞ்சக்குப்பத்திலோ சிதம்பரம் மேல வீதியிலோ ஒரு நடுத்தரக் குடும்பம் வீடு கட்டும்போது கதவுக்கும் டைல்ஸுக்கும் பார்த்துப் பார்த்துச் செலவு செய்கிறது. தீப்பாதுகாப்பு அந்தக் கணக்கில் வருவதே அரிது. வந்தாலும், “கடைகளில் மாட்டியிருக்கிறார்களே, அந்தச் சிவப்பு சிலிண்டர் என்ன விலை?” என்ற ஒரே கேள்வியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. கேள்வியே தவறான இடத்தில் தொடங்குகிறது. வீட்டுத் தீ பெரும்பாலும் படிப்படியாகத்தான் வளர்கிறது: முதலில் கசிவு அல்லது சூடேறிய கம்பி, பிறகு சிறு தீ, பிறகு புகை, கடைசியில் அடங்காத பெருந்தீ. ஒவ்வொரு படியிலும் தடுப்பதற்கு ஒரு பொருள் உண்டு. முதல் படிக்கான பொருளே விலையில் மலிவு, பலனில் பெரிது. அதை விட்டுவிட்டுக் கடைசிப் படிக்கானதை முதலில் வாங்கினால் பணம் செலவாகும், பாதுகாப்பு கிடைக்காது. இந்த வரிசையை நம் கண்ணிலிருந்து மறைக்கும் சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: தீ விபத்து தொழிற்சாலைக்கு உரியது, வீட்டில் அவ்வளவு பயமில்லை.

கடலூர் மாவட்டத்தில் இப்படித் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. 2020 ஜூலை 1 அன்று நெய்வேலி அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 4 அன்று காட்டுமன்னார்கோவிலை அடுத்த குருங்குடியில் பட்டாசு தயாரித்த இடத்தில் நடந்த வெடிவிபத்து பெண் தொழிலாளர்களின் உயிரைப் பறித்தது. ஒரே இடத்தில் பலர் இறக்கும்போது ஊரே பேசுகிறது. வீட்டுத் தீ ஒருவரையோ இருவரையோ கொண்டுபோவதால் செய்தித்தாளின் உள்பக்கத்தில் நான்கு வரியோடு முடிந்துபோகிறது. எண்ணிக்கை வேறு கதை சொல்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் தீ விபத்துகளில் 7,435 பேர் இறந்தார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இறந்தது குடியிருப்புகளில். ஆலைகளுக்குச் சட்டமும் ஆய்வும் உரிமமும் உண்டு. தனி வீட்டின் சமையலறையை எந்த அதிகாரியும் வந்து சோதிப்பதில்லை. அங்கே ஆய்வாளர் வேலையும் வீட்டுக்காரருடையதுதான்.

நம்பிக்கை: கேஸ் சிலிண்டர் எப்போது வெடிக்கும் என்று யாருக்குத் தெரியும்? நம் கையில் ஒன்றுமில்லை.

நம் கையில்தான் அதிகம் இருக்கிறது. பொதுவாக விபத்தின் தொடக்கம் டியூப், ரெகுலேட்டர், அடுப்புத் திருகு ஆகியவற்றில் ஏற்படும் கசிவு. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. ஜன்னல் வழியே தானாக மேலேறிப் போகாமல் தரையோடு படர்ந்து தங்கும். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே தீப்பற்றும் நிலைக்கு வந்துவிடும். அந்த அளவை எட்டுவதற்கு வெகு முன்பே மூக்கு உணர வேண்டும் என்பதற்காகத்தான் மெர்கேப்டன் என்ற நாற்றமுள்ள பொருளை அதில் கலக்கிறார்கள். எனவே நாற்றம் வந்தால் நமக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று பொருள். அந்த நேரத்தில் பலர் செய்யும் தவறு, காற்று வெளியேறட்டும் என்று எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுவது. எந்த சுவிட்சைப் போட்டாலும் அணைத்தாலும் உள்ளே ஒரு பொறி எழும். எரிவாயுவுக்கு அது போதும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எல்லோரையும் வெளியே அழைத்துவந்த பிறகு 1906 என்ற அவசர எண்ணுக்குச் சொல்வதே முறை.

ஆகவே வீட்டுக்கு முதலில் வாங்க வேண்டிய தீப்பாதுகாப்புப் பொருள் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள கேஸ் டியூப். ஏஜென்சிகள் தரும் ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபின் ஆயுள் 5 ஆண்டு, நீளம் 1.5 மீட்டருக்கு மேல் கூடாது. விலை 200 ரூபாய் அளவில்தான் இருக்கும். “பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு மாற்ற வேண்டும்?” என்று கேட்பவர்கள் உண்டு. ரப்பர் உள்ளிருந்தே இறுகி வெடிக்கும். அடுப்பு மேடைக்குப் பின்னால் எலி கடித்தது கண்ணில் படாது. கடலோர உப்புக்காற்றில் கிளிப் துருப்பிடித்துத் தளரும். டியூபின் மேல் அச்சிட்டிருக்கும் ஆண்டைப் பார்த்து மாற்றுவதும், இடையிடையே சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று சோதிப்பதும் போதும். தீக்குச்சியைக் கிழித்துக் கசிவைச் சோதிக்கும் பழக்கம் உயிருக்கு ஆபத்து. எரிவாயுக் கசிவை ஒலி எழுப்பிச் சொல்லும் டிடெக்டர் வாங்குகிறவர்கள், எரிவாயு தரையில் தங்கும் என்பதால், அதைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்குள் பொருத்த வேண்டும்.

நம்பிக்கை: மின்சாரத் தீ திடீரென்று வருவது, அதற்கு முன்னேற்பாடு கிடையாது.

பழைய வீடுகளில் ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று கட்டையில் கனத்த கம்பியைச் சுற்றிவிடுகிறார்கள். அந்தச் சிறு கம்பி உருகுவது சுவருக்குள் இருக்கும் வயர் உருகாமலிருக்கத்தான். கனத்த கம்பி சுற்றிய நாளிலிருந்து வீட்டு வயரே ஃபியூஸாகிவிடுகிறது. அண்ணாமலைநகரில் மாணவர்கள் வாடகைக்குத் தங்கும் அறைகளில் ஒரே பிளக்கிலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுத்து இண்டக்‌ஷன் அடுப்பும் அயர்ன் பாக்ஸும் ஓட்டினால் ஆபத்து அதேதான். சுமை மிஞ்சினால் மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்ச், சரியான அளவில், ஒன்று சில நூறு ரூபாய். அதிகச் சுமையில் அது அடிக்கடி விழுந்தால் குறை எம்.சி.பி.யில் இருப்பதாக எண்ணிப் பெரியதாக மாற்றக் கூடாது. எலக்ட்ரீஷியனை அழைத்து வயரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். வாடகை வீடு என்றால் இந்தச் செலவு உரிமையாளருடையது. அதைக் கேட்டுப் பெறக் குடியிருப்பவர் தயங்க வேண்டியதில்லை.

நம்பிக்கை: எந்தத் தீயானாலும் ஒரு வாளித் தண்ணீர் போதும்.

விறகு, துணி, காகிதம் எரிந்தால் தண்ணீர் நல்ல ஆயுதம். மின்சாரம் ஓடும் இடத்தில் ஊற்றினால் ஷாக் அடிக்கும். மிகக் கொடுமையானது எண்ணெய்ச் சட்டியில் ஊற்றுவது. தீப்பற்றிய எண்ணெய் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதித்துக்கொண்டிருக்கும். அதன் அடியில் போகும் தண்ணீர் நொடியில் ஆவியாகி சுமார் 1,700 மடங்கு விரியும். எரியும் எண்ணெயைக் கூரை வரை வீசியெறியும். இதற்கான கருவி எல்லாச் சமையலறையிலும் ஏற்கெனவே இருக்கிறது: சட்டியை முழுதாக மூடும் தட்டு. அடுப்பை அணைத்து, தட்டைப் பக்கவாட்டிலிருந்து தள்ளி மூடி, ஆறும்வரை திறக்காமல் விட வேண்டும். கொதிக்கும் சட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடக் கூடாது. பஜ்ஜியோ அதிரசமோ சுடும்போது அந்தத் தட்டு கைக்கெட்டும் இடத்தில் இருந்தால், செலவே இல்லாத பாதுகாப்பு அது.

நம்பிக்கை: சிவப்பு சிலிண்டர் ஒன்று மாட்டிவிட்டால் வீடு பத்திரம்.

தீயணைப்பான் பயனுள்ளது, ஆனால் அதன் வேலை மிகக் குறுகியது. வீட்டுக்கு விற்கும் சிறிய பவுடர் தீயணைப்பானை அழுத்தினால் பத்து நொடி அளவில் காலியாகிவிடும். குப்பைக்கூடை அளவுத் தீயை அதனால் அணைக்கலாம். அறை அளவுத் தீயை முடியாது. ஆகவே டியூபும் வயரும் சரியான பிறகே அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும். வாங்கும்போது ஏ.பி.சி. வகைப் பவுடர், 2 கிலோ எடை, ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு ஐ.எஸ். 15683 என்ற எண், மீட்டர் முள் பச்சைப் பகுதியில் நிற்பது ஆகிய நான்கையும் பாருங்கள். 1,500 ரூபாய்க்கு முன்பின் கிடைக்கும். இன்னும் மலிவாக ஸ்ப்ரே டப்பாக்களும் தீயில் எறியும் பந்துகளும் விற்கின்றன. அவை கூடுதலாக இருக்கலாம், முத்திரையுள்ள தீயணைப்பானுக்கு ஈடாகா. பழைய சிலிண்டருக்குப் பெயின்ட் அடித்து விற்பதை, எவ்வளவு மலிவானாலும், தொடாதீர்கள்.

மாட்டும் இடமும் முக்கியம். அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டினால் தீயைத் தாண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். சமையலறை வாசலுக்கு வெளியே, வெளியேறும் வழியில் மாட்டுங்கள். பின்னை இழுத்து, குழாய் முனையைத் தீயின் அடிப்பகுதிக்குக் காட்டி, கைப்பிடியை அழுத்தி, இடவலமாக வீச வேண்டும். வெளியே போகும் வழி எப்போதும் உங்கள் முதுகுப்பக்கம் இருக்க வேண்டும். “அவசரத்தில் இதெல்லாம் நினைவுக்கு வருமா?” என்பது நியாயமான கேள்வி. பழகாதவருக்கு வராது. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுக வெடிவிபத்தில் உயிர்நீத்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. அப்போது தீயணைப்பு வீரர்கள் மக்கள் முன் இந்தப் பயிற்சியைச் செய்து காட்டுகிறார்கள். வீட்டில் அதிக நேரம் இருப்பவர் யாரோ, அவர் அதைப் பார்த்துப் பழக வேண்டும்.

நம்பிக்கை: தீப்பிடித்தால் தூக்கம் தானாகக் கலைந்துவிடும்.

தூங்குபவரின் மூக்கை நம்ப முடியாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு மயக்கத்தை ஆழமாக்குமே தவிர எழுப்பாது. 2022 மார்ச்சில் வேலூரில், இரவு சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றியதில் தந்தையும் மகளும் மூச்சுத்திணறி இறந்தார்கள். மெத்தை, பிளாஸ்டிக் நாற்காலி, பாலியஸ்டர் திரை நிறைந்த இன்றைய வீடு பழைய வீட்டைவிடப் பலமடங்கு வேகமாக எரிகிறது. அமெரிக்காவில் நடந்த எரிப்புச் சோதனைகள் முன்பு 17 நிமிடமாக இருந்த தப்பிக்கும் நேரம் இப்போது 3 நிமிடமாகவோ அதற்கும் குறைவாகவோ சுருங்கிவிட்டதாகக் காட்டுகின்றன. அந்த நாட்டுப் புள்ளிவிவரப்படி, வேலை செய்யும் புகை அலாரம் உள்ள வீடுகளில் தீ விபத்து மரண விகிதம் சுமார் 60 சதவீதம் குறைவு. பேட்டரியில் ஓடும் அலாரம் ஆயிரம் ரூபாய்க்கு முன்பின் கிடைக்கிறது. “தாளிப்புக்கும் சாம்பிராணிக்கும் கத்திக்கொண்டே இருக்காதா?” என்று கேட்கலாம். சமையலறையிலும் பூஜையறையிலும் மாட்டினால் கத்தும். படுக்கையறைக்கு வெளியே கூடத்துக் கூரையில் மாட்டினால் தொல்லை குறையும். மின்சார ஸ்கூட்டரை வெளியேறும் வழியில் நிறுத்தி இரவெல்லாம் சார்ஜ் போடுவதையும் நிறுத்த வேண்டும்.

நம்பிக்கை: போன் செய்தால் தீயணைப்பு வண்டி வந்துவிடும்.

வரும்; அதற்காகத்தான் 101 அல்லது 112-ஐ உடனே அழைக்க வேண்டும். சிறு தீ என்று தானே போராடிப் பார்த்துவிட்டு அழைப்பது தவறு. ஆனால் கடலூர் முதுநகரின் குறுகிய தெருக்களிலும், ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி ஆருத்ரா தரிசனத்துக்கும் தேர் ஓடும் நாளில் சிதம்பரத்தின் நான்கு வீதிகளிலும் வண்டி நுழைய நேரமாகும். முதல் மூன்று நிமிடம் எப்போதும் வீட்டாருடையது. அந்த மூன்று நிமிடத்தைத்தான் அலாரமும் தட்டும் தீயணைப்பானும் நமக்கு வாங்கித் தருகின்றன.

நம்பிக்கை: குடிசைக்கு எதை வாங்கினாலும் வீண்.

இதில் பாதி உண்மை இருக்கிறது. கீற்றுக்கூரை பற்றிய பின் கடற்காற்றும் சேர்ந்தால் பத்து நொடிப் பவுடர் எதையும் காக்காது. குழந்தைகளையும் முதியவர்களையும் தூக்கிக்கொண்டு வெளியேறுவது ஒன்றே வழி. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள் இறந்ததில் கீற்றுக்கூரையின் பங்கை நாம் அறிவோம். ஆனால் பற்றுவதற்கு முன் செய்ய நிறைய உண்டு: அடுப்பைக் கூரைக்கு வெளியே அல்லது தகரத்தின் கீழ் வைப்பது, சாம்பலில் நீர் தெளித்துவிட்டுத் தூங்குவது, தொங்கும் வயரைக் கீற்றில் படாமல் குழாய்க்குள் விடுவது, கோடையில் வாசலில் நீர் நிரம்பிய டிரம், ரேஷன் கார்டும் பட்டாவும் சான்றிதழும் வாசலோரப் பையில். இவற்றுக்கு மேல் குடிசைக்கான உண்மையான தீப்பாதுகாப்பு ஒரு கான்கிரீட் கூரை. 2011 டிசம்பர் 30 தானே புயலுக்குப் பின் இந்த மாவட்டத்துக்கு அரசு அறிவித்த வீடுகளும், 2030க்குள் 8 லட்சம் வீடுகள் கட்ட இலக்கு வைத்து 3.5 லட்சம் ரூபாய் வீதம் தரும் கலைஞரின் கனவு இல்லம் திட்டமும் புயலுக்கு மட்டுமல்ல, தீக்கும் காவல். தகுதியுள்ள ஒரு குடும்பம் பட்டியலில் விடுபட்டால் அதைத் தீப்பாதுகாப்புக் குறையாகவே ஊராட்சியில் எழுப்ப வேண்டும்.

ஓட்டு வீடோ மாடி வீடோ, டியூபுக்கு 200, எம்.சி.பி.க்குச் சில நூறு, அலாரத்துக்கு ஆயிரம், தீயணைப்பானுக்கு 1,500 என்று கூட்டினால் ஏறக்குறைய 3,000 ரூபாய். ஒரே மாதத்தில் முடியாவிட்டால் இந்த வரிசையிலேயே நான்கு மாதத்தில் வாங்கலாம். மகளிர் சுய உதவிக் குழுக்கள் சேர்ந்து மொத்தமாக வாங்கினால் விலை பேச இடமுண்டு. முதல் 200 ரூபாயை இந்த வாரமே செலவழிப்பவர், பெரிய தீயணைப்பானுக்குப் பணம் சேரட்டும் என்று காத்திருப்பவரைவிடப் பாதுகாப்பாக இருக்கிறார்.