பையில் ஒரு ஜோடி பழைய சாக்ஸ்

கட்டடக்கலை மாணவர்களை நான் இதுவரை 3 முறை இலங்கைக்கு அழைத்துப் போயிருக்கிறேன். முதல் பயணத்தைப் படிப்புப் பயணம் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. 7 நாளில் 11 இடங்கள். பஸ்ஸை விட்டு இறங்குவோம், நான் மூச்சுவிடாமல் பேசுவேன், அவர்கள் போனைத் தூக்கிப் படம் எடுப்பார்கள், மறுபடி பஸ். ஊர் திரும்பியதும் "எது மனசுல நின்னுச்சு?" என்று கேட்டேன். நாலு பேர் கண்டி ஹோட்டல் பஃபேயைச் சொன்னார்கள்.

அந்தப் பயணத்தில் இன்னொரு கூத்தும் நடந்தது. கொழும்புக்குப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போய் அங்குள்ள மாணவர்களோடு பேசுவதாக ஏற்பாடு. போய் நின்றால் கேட்டில் பூட்டு. அன்றைக்குப் பௌர்ணமி. அங்கே ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை. நான் தேதி குறித்தபோது பார்த்தது நம்மூர்க் காலண்டர். அதிலும் பௌர்ணமி போட்டிருந்தது, விடுமுறை என்றுதான் போடவில்லை. தேதியை உறுதிசெய்து மெயில் அனுப்பியிருந்தால் அவர்களே சொல்லியிருப்பார்கள். அதையும் நான் செய்யவில்லை.

இரண்டாம் முறை இடங்களை நாலாகக் குறைத்தேன். பொலன்னறுவைக்கு மட்டும் முழுதாக 2 நாள். அங்கே 11ஆம் நூற்றாண்டுச் சோழர் கோயில் ஒன்று இருக்கிறது, வானவன்மாதேவீச்சரம். தொல்லியல் பலகையில் 'இரண்டாம் சிவ தேவாலயம்' என்று இருக்கும். சுற்றிலும் பெரும்பாலும் செங்கல் கட்டடங்கள். இது முழுக்கக் கல். விமானம் சிகரத்தோடு அப்படியே நிற்கிறது. கும்பகோணத்துப் பையன் ஒருவன் பார்த்ததும், "இது எங்க ஊர்ப் பக்கத்துக் கோயில் மாதிரியே இருக்கு மேம், ஆனா சின்னதா இருக்கு" என்றான். எத்தனை சின்னது என்று கேட்டு டேப்பைக் கையில் கொடுத்தேன். பிறகு வாயைத் திறக்கவில்லை. அது எளிதல்ல. வகுப்பில் 50 நிமிடம் பேசியே பழகிய வாய்க்கு 3 மணி நேரம் மரத்தடியில் சும்மா இருப்பது தண்டனை.

அவர்கள் அளந்தார்கள், சண்டை போட்டார்கள், அழித்து வரைந்தார்கள். இடையில் ஓர் அம்மா ஊதுபத்தியோடு வந்து கும்பிட்டுவிட்டுச் சிங்களத்தில் ஏதோ கேட்டார். யாருக்கும் புரியவில்லை. வரைந்த தாளைத் திருப்பிக் காட்டினார்கள். அவர் சிரித்துவிட்டுப் போனார். அன்று ராத்திரி சாப்பாட்டு மேசையில், செங்கல் ஊரில் கல்லைக் கொண்டுவந்து ஏன் கட்டினார்கள் என்று அவர்களாகவே வாதம் செய்தார்கள். முந்தின வருஷம் இதையே நான் 20 நிமிடம் விளக்கியிருந்தேன். ஒருத்தருக்கும் ஞாபகமில்லை.

சிகிரியா பாறை ஓவியங்களைப் படம் எடுக்கக் கூடாது என்ற தடை ஆசிரியருக்குக் கிடைத்த வரம். அங்கே பார்த்தே ஆகவேண்டும். காலையில் கதவு திறக்கும்போதே ஏறிவிடுங்கள். வெயில் ஏறினால் பாறை அடுப்பாகிவிடும். குளவிக் கூடுகளும் உண்டு, எச்சரிக்கைப் பலகையைப் பார்த்துச் சிரித்துக் கத்துகிறவர்களை அடக்கி வையுங்கள்.

பொலன்னறுவையில் வட்டதாகே என்ற வட்ட வழிபாட்டிடத்தில் செருப்பையும் தொப்பியையும் கழற்றவேண்டும். மத்தியானக் கல் பாதத்தைப் பொரித்துவிடும். பழைய சாக்ஸ் எடுத்து வாருங்கள் என்றபோது சிரித்தவர்கள்தான், அங்கே என் பையைத் துழாவினார்கள். கல் விகாரையில் ஒரு மாணவி 14 மீட்டர் சயன புத்தருக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்கப் போக, காவலர் விசில் ஊதினார். புத்தருக்கு முதுகு காட்டிப் படம் எடுப்பது அங்கே அவமரியாதை. இதை விமானம் ஏறுவதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். தவறு என்னுடையது.

பாஸ்போர்ட்டை நானே வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் பழக்கத்தையும் விட்டுவிட்டேன். சார்க் நாட்டவருக்கு நுழைவுக் கட்டணச் சலுகை உண்டு. பாஸ்போர்ட்டைக் காட்டினால்தான் அது கிடைக்கும். சைவப் பிள்ளைகள் இருந்தால் தேங்காய்ச் சம்பலில் மாசி போட்டிருக்கிறதா என்று கேட்கக் கற்றுக்கொடுங்கள். மாசி என்பது கருவாடு. ஒரு பிள்ளை 3 நாள் ரசித்துச் சாப்பிட்ட பிறகு இந்த உண்மை வெளிவந்தது. அந்த அழுகையை இன்னொரு முறை பார்க்க என்னால் முடியாது.

பணம்தான் எல்லாவற்றையும்விடச் சிக்கல். முதல் முறை 2 பேர் கடைசி வாரத்தில் விலகினார்கள். ஒருத்தி பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்றாள். பாட்டி நன்றாகத்தான் இருந்தார் என்று ஒரு வருஷம் கழித்துத் தெரிந்தது. இப்போது ஓராண்டு முன்பே தவணையாக வாங்குகிறோம். யாரிடமும் வகுப்பில் வைத்துக் கேட்பதில்லை. அதைவிட முக்கியம், பயணத்துக்கென்று தனி மதிப்பெண் கிடையாது. வராதவர்களுக்கும் அதே வேலை, அதே மதிப்பெண், இடம்தான் வேறு.

அந்த இடம் மதுரை. நாங்கள் இலங்கையில் பார்க்கப் போகிற லுனுகங்கா தோட்டத்தையும் கண்டலம ஹோட்டலையும் உருவாக்கிய ஜெஃப்ரி பாவா, 1970களில் மதுரையில் ஒரு கிளப் கட்டினார். இன்று அது ஹெரிடேஜ் மதுரை ஹோட்டல். முன்அனுமதி வாங்கினால் போதும், விசா வேண்டாம். போன முறை பயணத்துக்கு வராத ஒருத்தி அங்கே தனியாக 4 நாள் உட்கார்ந்து, ஒரே ஒரு கல் சுவரை வரைந்து வந்தாள். இலங்கைத் தாள்களோடு அதையும் சுவரில் ஒட்டினோம். மதிப்பிட வந்த கட்டடக்கலைஞர் அதன் முன்னால்தான் ரொம்ப நேரம் நின்று, எந்த நேரத்து நிழல் இது என்று கேட்டார். "சாயங்காலம் நாலரை சார். நாலு நாளும் அதே நேரம்தான் வரைஞ்சேன்" என்றாள்.

அடுத்த முறை எல்லாரையும் முதலில் மதுரைக்குத்தான் அனுப்பப் போகிறேன். வழிகாட்டி அவள்.