தலைவர்களின் வாழ்க்கையும் வரலாறுதான்!

"பரீட்சைக்கு ஆண்டும் பெயரும் தெரிந்தால் போதாதா? அரசியல் தலைவர்களின் வாழ்க்கை வரலாறு எல்லாம் எதுக்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். நம்ம ஏரியாவில் நடந்த ஒரு சம்பவத்தை வைத்தே பதில் சொல்கிறேன்.

யானைக்கவுனியிலிருந்து பேசின் பாலம் தாண்டிப் போனால் புளியந்தோப்பு, பெரம்பூர். அங்கேதான் பின்னி கம்பெனியின் பி அண்டு சி மில் இருந்தது. அந்த மில் தொழிலாளர்களை வைத்து 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கங்களில் அதுவும் ஒன்று. தலைவர் பி.பி.வாடியா. திரு.வி.க.வும் முன்னின்று உழைத்தார். 1921-இல் அங்கே மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள்.

பாடத்தில் இதெல்லாம் இரண்டு வரிதான். தமிழ் ஆசிரியராகவும், பிறகு பத்திரிகை ஆசிரியராகவும் இருந்த ஒருவர் மில் தொழிலாளர்களிடம் ஏன் போனார்? இதற்கு அவரே எழுதிய 'வாழ்க்கைக் குறிப்புகள்' (1944) நூலைத்தான் பார்க்க வேண்டும். ஆண்டுகள் நடந்ததைச் சொல்லும். ஒரு மனிதர் ஏன் அப்படி முடிவெடுத்தார் என்பதை வாழ்க்கை வரலாறுதான் சொல்லும்.

ஆனால் ஒருவர் வாழ்க்கையை மட்டும் படித்தால் ஒரு பக்கம்தான் தெரியும். அந்த வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் கலவரம் மூண்டது. குடிசைகள் எரிந்தன. சட்டமன்ற உறுப்பினராக இருந்த எம்.சி.ராஜா அந்த மக்களுக்காகப் பேசினார். அவர் வாழ்க்கையையும் சேர்த்துப் படித்தால், ஒரே மில்லில் வேலை பார்த்தவர்களையும் சாதி எப்படிப் பிரித்தது என்று புரிகிறது. திரு.வி.க., ராஜா இருவருமே ஏழைகளுக்காக நின்றவர்கள்தான். ஆனாலும் எதிரெதிர் அணியில் நின்றார்கள்!

அதனால் எனக்குத் தோன்றுவது இதுதான். தன் கதையைத் தானே எழுதுபவர் தன் பக்கத்தைத்தான் அதிகம் சொல்வார். அபிமானி எழுதினால் புகழ்ச்சி கூடிவிடும். எனவே அந்தக் காலப் பத்திரிகை, அரசு ஆவணம் ஆகியவற்றோடு ஒப்பிட்டுப் படிக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. தலைவர்களுக்குப் புத்தகம் இருக்கிறது. துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்களுக்கும், குடிசை எரிந்தவர்களுக்கும் யார் எழுதினார்கள்? மில்லில் வேலை பார்த்த தாத்தாக்கள் நம்ம தெருவிலும் இருக்கலாம். அவங்ககிட்டே கேளுங்கள், நோட்டில் எழுதி வையுங்கள். அதுவும் வரலாறுதான்!