கோடையில் ஜெனீவா: போகுமுன் படிக்க வேண்டியவை

கடல் கடந்து படிப்பது என்றதும் நம்மவர் முதலில் கேட்பது, "செலவு எவ்வளவு ஆகும்?" என்பதே. நெல்லைச் சீமையிலிருந்து ஐந்து வயதில் தாராவிக்கு வந்து சேர்ந்த எனக்கும் அக்கேள்விதான் முதலில் எழுந்தது. ஆனால் செர்ன் நிலையத்தின் கோடை மாணவர் திட்டத்தைப் பொறுத்தவரை பணம் பெருந்தடை அன்று. தேர்வு பெற்றவருக்குத் தினப்படியும், பயணத்துக்கு ஒரு தொகையும் அவர்களே தருகிறார்கள். தடை, நாம் என்ன படித்திருக்கிறோம் என்பதில் இருக்கிறது. சென்ற ஆண்டு அதை உணராமல் விண்ணப்பம் அனுப்பித் தோற்றவன் நான். ஆகவே இதை எழுதும் தகுதி எனக்கு உண்டு என்றே கருதுகிறேன்.

செர்ன் என்பது 1954இல் தோன்றிய அணுத்துகள் ஆராய்ச்சி நிலையம். ஜெனீவாவை அடுத்து, சுவிட்சர்லாந்தும் பிரான்சும் கூடும் எல்லையில் இருக்கிறது. நிலத்தடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் துகள்களை மோதவிட்டுப் பார்க்கிறார்கள். 2017இல் இந்தியா அதன் இணை உறுப்பு நாடாயிற்று. அதனால் நாமும் விண்ணப்பிக்கலாம். கோடை முடிவதற்குள் பல்கலைக்கழகப் படிப்பில் மூன்று ஆண்டுகள் நிறைந்திருக்க வேண்டும், பி.எச்டி. மாணவராக இருக்கக்கூடாது. பௌதிகம் மட்டுமன்று, பொறியியல், கணினி, கணிதம் பயில்வோருக்கும் இடம் உண்டு. பி.எஸ்ஸி. மூன்றாம் ஆண்டுத் தம்பி தங்கையர் இதைக் கவனிக்க வேண்டும். எம்.எஸ்ஸி. வந்தபிறகு பார்க்கலாம் என்று நான் இருந்தது முதல் தவறு.

அங்கே 8 முதல் 13 வாரம் வரை தங்கலாம். ஜூலையில் விரிவுரைகள் நடக்கும். துகள் பௌதிகம், துகள் முடுக்கிகள், உணர்கருவிகள், புள்ளியியல், கணினி வழி ஆய்வு ஆகியவை பாடங்கள். எஞ்சிய நேரமெல்லாம் ஓர் ஆராய்ச்சியாளரின் கீழ் உண்மையான வேலை. இந்த வேலைக்கு ஆயத்தமானவரா என்பதைத்தான் விண்ணப்பத்தில் பார்க்கிறார்கள். நானோ மதிப்பெண் பட்டியலை அனுப்பிவிட்டு, கணினி நிரல் எழுதிய அனுபவம் என்ற இடத்தை வெறுமையாக விட்டேன். பரிந்துரைக் கடிதத்தைக் கடைசி நாளுக்கு முந்தின நாள், என் முகமே நினைவில்லாத ஓர் ஆசிரியரிடம் கேட்டு வாங்கினேன். வந்த பதில் ஒரு பத்திதான்.

நமது பாடத்திட்டத்தில் எது குறைகிறது என்பதை ஓர் உதாரணத்தால் காட்டுகிறேன். வானில் ஏறக்குறைய 15 கிலோமீட்டர் உயரத்தில் காஸ்மிக் கதிர்களால் மியூவான் என்னும் துகள் பிறக்கிறது. அதன் சராசரி ஆயுள் ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் 2.2 பங்கு. ஒளியின் வேகத்தில் பாய்ந்தாலும் அதற்குள் 660 மீட்டர்தான் கடக்கும். எனினும் அது நம் தலைமேல் வந்து விழுகிறது. ஏன்? வேகம் ஒளியில் 99.9 சதவீதமானால், சார்பியல் கொள்கைப்படி நம் கணக்கில் அதன் ஆயுள் 22 மடங்கு நீளுகிறது. 660ஐ 22ஆல் பெருக்குக. விடை ஏறத்தாழ 15 கிலோமீட்டர். இதை நம்மில் யாரும் தேர்வில் எழுதிவிடுவோம்.

இனிக் கேள்வியை மாற்றுவோம். அந்த 2.2 என்ற எண்ணை நீயே அளக்க வேண்டுமானால் எத்தனை மியூவான்களை எண்ண வேண்டும்? இங்கேதான் நான் விழித்தேன். தற்செயலாக நிகழ்வனவற்றை எண்ணும்போது, பிழை அந்த எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும். 100 எண்ணினால் பிழை 10, அதாவது 10 சதவீதம். 10,000 எண்ணினால் பிழை 100. அது 1 சதவீதமே. (விடியற்காலையில் நானூறு இட்லி அவித்துச் சைக்கிள்காரரிடம் எண்ணிக் கொடுக்கும் என் அம்மாவிடம், "இருபது கூடலாம் குறையலாம்" என்று சொன்னேன். இட்லி தற்செயலாக நிகழ்வதன்று என்பதை அவர் உடனே விளக்கினார்.)

ஆகவே இந்த ஆண்டு மூன்று வேலை செய்தேன். மாட்டுங்கா நண்பர் ஒருவரின் பழைய மடிக்கணினியில் பைதான் கற்றேன். புள்ளியியலை முதலிலிருந்து படித்தேன். மூன்றாவதாக, ஆய்வுக்கூட மூலையில் தூசி படிந்து கிடந்த மியூவான் உணர்கருவியை இயக்கத் துறை ஆசிரியரிடம் அனுமதி பெற்றேன். 400 சிதைவுகள் சேர்ந்தபோது கிடைத்த ஆயுள் 2.1, பிழை 0.1. பெரிய கண்டுபிடிப்பு அன்று. ஆனால் இம்முறை பரிந்துரை எழுதிய ஆசிரியருக்கு என்னைப்பற்றி எழுத ஏதோ இருந்தது.

இந்த விஞ்ஞானம் நமக்கு அந்நியமும் அன்று. 1965இல் கோலார் தங்கவயலின் ஆழத்தில், கொலாபாவிலுள்ள நம் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பானிய, ஆங்கில விஞ்ஞானிகளும் சேர்ந்து, வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் அடையாளத்தைக் கண்டனர். அச்சுரங்கங்களில் உழைத்தவர்களில் தமிழர் ஏராளம். செர்ன் வளாகத்திலே 2004இல் இந்தியா அளித்த நடராசர் சிலையும் நிற்கிறது.

கிரெடிட் பற்றி ஓர் எச்சரிக்கை. செர்ன் பல்கலைக்கழகம் அன்று, பட்டம் தருவதில்லை. ஆனால் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் கோடைப் பாடங்களுக்குக் கிரெடிட் உண்டு. அங்கே ஓர் ஆண்டுக்கு 60. ஒன்றுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. நமது தேசியக் கிரெடிட் சட்டகத்தில் ஆண்டுக்கு 40. ஒன்றுக்கு 30 மணி. எனவே அங்கே பெற்ற 6, இங்கே 5 அல்லது 6 ஆகலாம். ஆகலாம் என்றுதான் சொல்ல முடியும். செம்பூரில் வசிக்கும் என் மூத்த மாணவர் ஒருவர் ஜெர்மனியில் நன்றாகப் படித்துத் தேறி வந்தார். பாடத்திட்டத்தையும் மணிக்கணக்கையும் முத்திரையோடு வாங்கி வராததால் அவருடைய 6 இங்கே ஏறவில்லை. போதாக்குறைக்கு, அங்கே கோடையாக இருக்கும் ஜூலையில் இங்கே பருவம் தொடங்கிவிடுகிறது. அவருக்கு வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போயிற்று. போகுமுன்பே துறைத்தலைவரிடம் எழுத்துமூலம் அனுமதி பெறுக, வாய்ச்சொல் போதாது.

செர்ன் விண்ணப்பம் வழக்கமாக ஜனவரி இறுதியோடு முடியும். பட்டியல், கடிதம் எல்லாம் டிசம்பரிலேயே கையில் இருக்கட்டும். கடவுச்சீட்டுக்கு முகவரிச் சான்று தேடி அலைய எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்க. கொலாபா நிலையத்தின் கோடை மாணவர் திட்டத்துக்கும் தவறாமல் எழுதுக. அதற்கு மின்ரயில் சீட்டு போதும்.

இவ்வாண்டு படிப்பு முடிப்பவருக்கும் இடம் உண்டு என்பதால் நான் மறுபடியும் விண்ணப்பித்திருக்கிறேன். எனக்கு இது கடைசி வாய்ப்பு. பதில் இன்னும் வரவில்லை. ஆய்வுக்கூடத்தில் கருவி ஓடிக்கொண்டிருக்கிறது. நேற்று மாலை எண்ணிக்கை 437. ஆயிரம் ஆனதும் நிறுத்தலாம் என்றிருக்கிறேன்.