பானை ஏன் நாறியது?

கொல்லையில் ஒரு பழைய மண்பானை இருந்தது. மருமகள் அதில் தினமும் காய்கறித் தோலைப் போட்டாள். மிஞ்சிய குழம்பையும் ஊற்றினாள். எல்லாம் மக்கி எருவாகும் என்று நினைத்தாள்.

பத்து நாள் ஆயிற்று. பானை நாறியது. ஈ மொய்த்தது. புழு நெளிந்தது.

பக்கத்து வீட்டுக்காரி வேலியோரம் வந்து நின்றாள். "இந்த நாற்றத்தில் என் பிள்ளைகள் எப்படிச் சோறு தின்னும்? பானையைத் தூக்கி எறி" என்று சத்தம் போட்டாள்.

மருமகளுக்கு அவமானமாகப் போயிற்று. பானையைத் தூக்கப் போனாள். மாமியார் தடுத்தார். அவர் எருக்குழி இருந்த வீட்டில் வளர்ந்தவர்.

"இதில் சருகு போட்டாயா?" என்று கேட்டார்.

"இல்லை அத்தை. சருகைக் கூட்டிக் கொளுத்திவிட்டேன்."

"அதுதான் தப்பு."

கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்தான் குப்பையை மக்கச் செய்கின்றன. அவற்றுக்கு ஈரம் வேண்டும். காற்றும் வேண்டும். ஈரம் மிகுந்தால் காற்று உள்ளே புகாது. அப்போது காற்று வேண்டாத வேறு நுண்ணுயிர்கள் பெருகும். குப்பை அழுகி நாறும். சருகு ஈரத்தை உறிஞ்சும். காற்றுக்கும் வழிவிடும்.

மாமியார் சொன்னது உழவர்களின் பழைய அறிவு. ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி இந்திய உழவர்களிடம் நிறையக் கற்றார். அவர் 1924 முதல் 1931 வரை இந்தூரில் வேலை செய்தார். செடிகொடிக் கழிவு, சாணம், மண், சாம்பல் ஆகியவற்றை அங்கே அடுக்கினார். இடையிடையே கிளறிவிட்டார். அதற்கு 'இந்தூர் முறை' என்றே பெயர் வந்தது.

இருவரும் பானையைக் காலி செய்தார்கள். அடியிலும் பக்கத்திலும் சிறு ஓட்டைகள் போட்டார்கள். அடியில் சுள்ளி பரப்பினார்கள். ஒரு கை ஈரக் குப்பை, அதன்மேல் இரண்டு கை சருகு. பிறகு ஒரு பிடி மண், கொஞ்சம் சாணிக் கரைசல். மழை விழாமல் மூடி வைத்தார்கள். வாரம் ஒருமுறை குச்சியால் கிளறினார்கள்.

ஈரம் சரியா என்று மாமியார் கையால் பார்ப்பார். ஒரு பிடி எடுத்துப் பிழிவார். நீர் சொட்டினால் இன்னும் சருகு போடுவார். உதிர்ந்தால் நீர் தெளிப்பார். பிழிந்த துணிபோல் இருந்தால் சரி.

குழம்பு, எண்ணெய், மீன் முள் எதுவும் பானைக்குப் போகவில்லை. அவை நாற்றம் தரும், எலியும் வரும். பிளாஸ்டிக் பையும் கண்ணாடியும் மக்கவே மக்காது.

நாற்றம் சில நாளில் அடங்கியது. பானை நிறைந்ததும் அடுத்த பானையைத் தொடங்கினார்கள். நிறைந்த பானையைத் தொடவில்லை, கிளறியதோடு சரி. மூன்று மாதத்தில் குப்பை கறுத்து, பொலபொலவென்று உதிர்ந்தது. முகர்ந்தால் மழை பெய்த மண்வாசனை! அவரைக் கொடிக்குப் போட்டார்கள்.

பக்கத்து வீட்டுக்காரி மறுபடியும் வேலியோரம் வந்தாள். இந்த முறை கையில் ஒரு கூடை இருந்தது.

"என் கறிவேப்பிலைக் கன்றுக்குக் கொஞ்சம் எரு கொடேன்."

மருமகள் சிரித்தாள். "தருகிறேன் அக்கா. உங்கள் வீட்டுச் சருகை மட்டும் இனிக் கொளுத்தாதீர்கள். இங்கே கொண்டு வாருங்கள்."