திறக்காத தட்டும் 255 நாள் சம்பளமும்

மூன்றாம் ஆண்டு, கம்ப்யூட்டர் பட்டயப் படிப்பு மாணவன்



மலருக்கு 'டெக்னிக்கலா ஏதாவது எழுதிக் கொடுடா' என்று யூனியன் செயலாளர் இரண்டு வாரமாக நச்சரித்தார். பாடப் புத்தகத்தில் இருப்பதையே திருப்பி எழுத எனக்கு மனசு வரவில்லை. போன மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் நடந்த ஒரு விஷயத்தை வைத்து, குறுந்தகடுகளின் ஃபைல் சிஸ்டம் பற்றி நான் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

நான் ஏற்காட்டுக்காரன். தினமும் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கித்தான் சேலத்துக்கு வருகிறேன். நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் என் அத்தை 1985-இல் வேலைக்குச் சேர்ந்து 2019-இல் நின்றார். நடுவில் எஸ்டேட் கை மாறியது. வேலையை விட்டபோது, '2002-க்கு முந்தின பதிவு எங்களிடம் இல்லை' என்று சொல்லி அதற்குப் பிந்தைய வருஷங்களுக்கு மட்டும் கிராஜுவிட்டி கொடுத்தார்கள். அப்போது நடப்பில் இருந்த 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி வருஷத்துக்கு 15 நாள் சம்பளம். 1985 முதல் 2001 வரை 17 வருஷம். 17-ஐ 15-ஆல் பெருக்கிப் பாருங்கள், 255 நாள் சம்பளம். எஸ்டேட் கூலிக்காரருக்கு அது சின்னத் தொகை இல்லை.

பழைய ரைட்டர் ஒருவர் ஓய்வு பெற்று ஏற்காட்டிலேயே இருக்கிறார். அவரிடம் அத்தை போய்ப் புலம்ப, அவர் பரணில் இருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துக் கொடுத்தார். உள்ளே மூன்று சிடி. செக்ரோல் புத்தகங்கள் பூஞ்சை பிடித்துப் போகின்றன என்று பழைய முதலாளி அவற்றை ஸ்கேன் செய்து வைக்கச் சொன்னாராம். முதல் இரண்டு தட்டு சேலத்தில் ஒரு டிடிபி சென்டரில் எழுதியது, 1984 முதல் 1998 வரை. மூன்றாவது எஸ்டேட் ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே எழுதியது, 1999 முதல் 2001 வரை.

"ஏன்டா தம்பி, இந்த வட்டத் தட்டுலயா என் கணக்கு இருக்குது?" என்றார் அத்தை. "இருந்தா எடுத்துடலாம் அத்தை" என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டேன்.

வீட்டில் இருப்பது செகண்ட் ஹாண்ட் கம்ப்யூட்டர், படிக்க மட்டும் தெரிந்த டிவிடி டிரைவ், விண்டோஸ் 10. முதல் தட்டைப் போட்டேன். விர்ரென்று சுற்றியது. பிறகு, இந்த வால்யூமில் தெரிந்த ஃபைல் சிஸ்டம் எதுவும் இல்லை என்று ஒரு செய்தி. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைக் காலித் தட்டு என்றே காட்டியது. பக்கத்து வீட்டு அண்ணன் எட்டிப் பார்த்து, "தட்டு செத்துப் போச்சுப்பா, தூக்கிப் போடு" என்றார். நானும் கிட்டத்தட்ட நம்பிவிட்டேன்.

இங்கேதான் பாடம் ஆரம்பம். சேலம் புதிய பஸ் ஸ்டாண்டில் கன்னட போர்டு மாட்டின கர்நாடக பஸ் நிற்கும். போர்டு படிக்கத் தெரியவில்லை என்பதால் பஸ் ஓடாது என்று அர்த்தமா? கெட்டுப் போன தட்டும், நம் கம்ப்யூட்டருக்குப் படிக்கத் தெரியாத தட்டும் விண்டோஸின் பார்வையில் ஏறக்குறைய ஒன்று போலத்தான் தெரியும். இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டியது நாம்தான்.

டேட்டா சிடியில் ஒரு செக்டருக்கு 2048 பைட். 74 நிமிஷத் தட்டில் விநாடிக்கு 75 வீதம் 3,33,000 செக்டர். அதுதான் அட்டையில் போட்டிருக்கும் 650 எம்பி. எந்த செக்டரில் எந்த ஃபைல் தொடங்குகிறது என்று சொல்லும் அட்டவணைதான் ஃபைல் சிஸ்டம். பிலிப்ஸும் சோனியும் 1983-இல் சிடி-ராம் தட்டுக்கு வரையறை தந்தபோது இந்த அட்டவணையைப் பற்றிப் பொது உடன்பாடு ஏதும் இல்லை. ஆளுக்கொரு முறையில் எழுதினார்கள். 1985-இல் ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், பிலிப்ஸ், சோனி முதலிய கம்பெனிக்காரர்கள் அமெரிக்காவில் டாஹோ ஏரி அருகே ஹை சியரா என்ற ஹோட்டலில் கூடிப் பேசினார்கள். அதனால் அந்த முறைக்கு ஹை சியரா என்றே பெயர் வந்தது. அதுவும் ஒரு மலைப் பெயர்தான், ஏரியும் பக்கத்திலேயே இருக்கிறது, நம்ம ஏற்காடு மாதிரி! அதைத் திருத்தி 1988-இல் வந்ததுதான் ஐஎஸ்ஓ 9660.

ஐஎஸ்ஓ 9660 தட்டில் முதல் 16 செக்டரைச் சும்மா விட்டுவிடுவார்கள். பதினாறை 2048-ஆல் பெருக்கினால் 32,768. அந்த பைட்டில் ஒரு வகை எண் இருக்கும். அதற்கு அடுத்த பைட்டிலிருந்து சி, டி, பூஜ்யம், பூஜ்யம், ஒன்று என்று ஐந்து எழுத்து இருக்கும். இருந்தால் அது ஐஎஸ்ஓ தட்டு. ஆனால் அதன் முதல் நிலையில் ஃபைல் பெயருக்கு எட்டு எழுத்து, பின்னொட்டுக்கு மூன்று எழுத்து, எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்து. இதைச் சகிக்க முடியாமல் யூனிக்ஸ்காரர்கள் ராக் ரிட்ஜ் என்ற ஒட்டுப்போட்டார்கள். மைக்ரோசாஃப்ட் 1995-இல் ஜோலியட் என்று இன்னொன்று. ஜோலியட்டில் யூனிகோட் உண்டு, தமிழிலேயே ஃபைலுக்குப் பெயர் வைக்கலாம்.

ஆப்பிள் அந்த ஹோட்டல் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தாலும், மேக் ஆட்களுக்குத் தன் சொந்த எச்எஃப்எஸ் முறையை விடவில்லை. காரணம் இருக்கிறது. மேக்கில் ஒரு ஃபைலுக்கு டேட்டா ஒரு கிளை, ரிசோர்ஸ் ஒரு கிளை என்று இரண்டு கிளை. பெயரும் 31 எழுத்து வரை போகும். வெறும் ஐஎஸ்ஓவில் இது அடங்காது. அந்தக் காலத்தில் டிடிபி வேலை என்றால் பல இடங்களில் மேக் கம்ப்யூட்டர்தான். ரைட்டர் சொன்ன 'டிடிபி சென்டர்' என்ற வார்த்தை அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அடுத்து செய்ததை விவரமாகவே சொல்கிறேன், உங்களுக்கும் உதவும். முதலில் தட்டை டிரைவில் போட்டுப் போட்டு எடுக்காதீர்கள். ஒரே ஒரு முறை முழுசாக நகல் எடுங்கள். அதற்கு இமேஜ் என்று பெயர். பென் டிரைவில் உபுண்டு லினக்ஸ் ஏற்றி அதிலிருந்து பூட் செய்தேன். 'டிடி' என்ற கட்டளைக்கு எந்த டிரைவிலிருந்து, எந்த ஃபைலுக்கு, எத்தனை பைட்டாக (2048) என்று மூன்று விஷயம் சொன்னால் போதும். எதிலிருந்து, எதற்கு என்பதை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள். ஹார்ட் டிஸ்க்கின் பெயரை 'எதற்கு' என்ற இடத்தில் போட்டால் மொத்தமும் போச்சு. விண்டோஸ் 'இந்த டிஸ்கை எப்படிப் பயன்படுத்தப் போகிறீர்கள்' என்று பெட்டி காட்டினால் ரத்து செய்யுங்கள். மூடப்படாத தட்டில் நீங்கள் ஓகே கொடுத்தால் அது புதிதாக எழுதத் தொடங்கலாம்.

அரை மணியில் முதல் தட்டின் இமேஜ் வந்தது. பிழை ஒன்றுகூட இல்லை! அப்படியானால் தட்டு சாகவில்லை. ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தேன். 32,769-ஆவது பைட்டில் ஐஎஸ்ஓ முத்திரை இல்லை. தட்டின் முதல் இரண்டு பைட் 'ஈ', 'ஆர்'. 512-ஆவது பைட்டில் 'பி', 'எம்'. இது ஆப்பிள் பார்ட்டிஷன் மேப். ஆப்பிள் முறை 512 பைட் கணக்கில் எண்ணும், சிடி 2048 கணக்கில் நிற்கும், அதுவும் ஒரு குழப்பம். இமேஜாக எடுத்துவிட்டால் வெறும் பைட் எண்தான், அந்தக் குழப்பம் போய்விடும். மேப் சொன்ன இடத்துக்குப் போய் அங்கிருந்து 1024 பைட் தள்ளிப் பார்த்தால் 'பி', 'டி'. எச்எஃப்எஸ்ஸின் முத்திரை. ராத்திரி பதினொன்றரை மணிக்கு நான் போட்ட சத்தத்தில் அம்மா எழுந்து வந்துவிட்டார்.

திறப்பதற்கு லினக்ஸில் மவுண்ட் கட்டளையோடு எச்எஃப்எஸ் என்று வகையும் பார்ட்டிஷன் எண்ணும் சொல்லலாம்.  சில தட்டுகளில் ஐஎஸ்ஓவும் எச்எஃப்எஸ்ஸும் சேர்ந்தே இருக்கும். அவற்றில் மேக்குக்கு ஒரு பட்டியலும் விண்டோஸுக்கு வேறு பட்டியலும் தெரியும். 'ஃபைல் காணோம்' என்று சொல்வதற்கு முன் இரண்டு கதவையும் தட்டிப் பாருங்கள்.

உள்ளே போனால் அடுத்த வம்பு. ஃபோல்டர் பெயரெல்லாம் கீறலும் புள்ளியுமாக இருந்தது. அது தமிழ்தான், ஆனால் பழைய ஃபாண்ட் தமிழ். ஆங்கிலக் குறிகள் இருக்கும் இடத்தில் தமிழ் எழுத்தைப் பொருத்தி, ஃபாண்ட் கம்பெனிக்கு ஒரு வரிசை வைத்திருந்த காலம் அது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டில் டாப், டாம் என்று பொது வரிசை வகுத்ததே இந்தத் தொல்லையால்தான். நல்லவேளை, ஃபைல்களுக்கு '85-06-2' என்று எண்ணில் பெயர் வைத்திருந்தார்கள். வருஷம், மாதம், பக்கம். டபுள் கிளிக் செய்தால் எதுவும் திறக்கவில்லை. ஃபைல் என்ன வகை என்பதை மேக் தனிக் குறியாக அட்டவணையில் வைத்துக்கொள்ளும், பெயரின் கடைசியில் புள்ளி வைத்து மூன்றெழுத்து தேவையில்லை. மறுபடியும் ஹெக்ஸ் எடிட்டர். முதல் இரண்டு பைட் 'எம்', 'எம்'. மோட்டரோலா முறையில் பெரிய பைட் முதலில் வரும் டிஃப் படம். இன்டெல் முறையாக இருந்தால் 'ஐ', 'ஐ' என்று இருக்கும். மைக்ரோபிராசசர் பாடத்தில் இதை எதுக்குப் படிக்கிறோம் என்று கேட்டவன் நான்தான்! பெயர்களின் கடைசியில் டிஃப் பின்னொட்டைச் சேர்த்ததும் பழுப்பேறிய செக்ரோல் பக்கம் திரையில் வந்து நின்றது.

அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். பெயரைத் தேடினால் கிடைக்கவில்லை. ரைட்டர்கள் காதில் விழுந்தபடி எழுதிய பெயர், வருஷத்துக்கு ஒரு விதம். "பேரைப் பார்க்காதே சாமி, நெம்பரைப் பாரு, நாற்பத்தி ஏழு" என்றார். 1985 ஜூன் பக்கத்தில் 47 இருந்தது. எதிரே ரேகை.

மூன்றாவது தட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதில் ஃபிளாப்பி போல அவ்வப்போது ஃபைலைச் சேர்த்து எழுதியிருந்தார்கள். அதற்கு யூடிஎஃப் என்ற முறை, 1995-இல் வந்தது. டிவிடியும் அதன் வழிதான். சிடி-ஆரில் இப்படி எழுதும்போது எது எங்கே என்ற அட்டவணை கடைசியாக எழுதிய இடத்தில் இருக்கும். தட்டைக் கடைசியில் மூடாமல் விட்டுவிட்டதால், படிக்க மட்டும் தெரிந்த என் டிரைவுக்கு அது காலித் தட்டு. நம் லேபில் அனுமதி வாங்கி, ரைட்டர் டிரைவ் உள்ள பழைய கம்ப்யூட்டரில் போட்டேன். முனகாமல் திறந்தது. எல்லாம் எக்செல் ஃபைல்.

கஷ்டம் கொடுத்தது இரண்டாவது தட்டு. அதில் ஃபைல் சிஸ்டமும் தெரியாதது, தட்டும் நிஜமாகவே அடிபட்டது. ஏற்காட்டு ஈரத்தில் வெளி விளிம்பில் வெள்ளிப் பூச்சு உரிந்திருந்தது. சிடியில் டேட்டா இருப்பது லேபிள் பக்கத்துக்கு மிக அருகே, பளபளக்கும் அடிப்பக்கத்தில் விழும் கீறலைவிட மேல்பக்கக் கீறல்தான் ஆபத்து. பால்பாயின்ட் பேனாவால் பெயர் எழுதுபவர்கள் கவனிக்கவும். (ஈரப்பதமான பெலிஸ் நாட்டிலிருந்து வந்த ஒரு சிடியைப் பூஞ்சை தின்றிருந்ததை ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானிகள் 2001-இல் கண்டுபிடித்தார்கள். நம் மலைக்காரர்கள் சிரிக்க வேண்டாம்!) சிடியில் எழுத்து உள்ளிருந்து வெளியே போகும். அதனால் விளிம்பில் போனது கடைசி மாதங்கள், 1998 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை.

நாலு மாதம்தானே என்று விட முடியவில்லை. வேலைக்கு இடையில் தடை விழுந்தது என்று தகராறு வந்தால் 12 மாதத்தில் 240 நாள் வேலை செய்ததைக் காட்ட வேண்டும். ஆகஸ்ட் வரை கூட்டினால் அத்தைக்கு 193 நாள்தான்.

சாதாரண டிடி கட்டளை முதல் பிழையிலேயே நின்றுவிடும். டிடிரெஸ்க்யூ என்று ஒன்று இருக்கிறது. படிக்க முடிந்ததை முதலில் எடுத்துக்கொண்டு, முடியாத இடங்களை ஒரு மேப் ஃபைலில் குறித்து வைத்துப் பிறகு திரும்ப வரும். அந்த மேப் ஃபைலை வைத்துக்கொண்டு வேறு டிரைவில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரு டிரைவின் லென்ஸ் படிக்காததை இன்னொன்று படிக்கும். வீட்டு டிரைவில் ஓர் இரவு முழுக்க, லேபில் இரண்டு டிரைவ், நண்பனின் அண்ணனுடைய லேப்டாப்பில் ஒன்று. செப்டம்பர் வந்தது, 24 நாள். நாலாவது டிரைவில் அக்டோபர், 25 நாள். ஆக 242. நவம்பரும் டிசம்பரும் வரவே இல்லை. காபிப் பழம் எடுக்கிற சீசன், அத்தை ஒரு நாள்கூட லீவு போட்டிருக்க மாட்டார், இருந்தும் காட்டுவதற்குப் பக்கம் இல்லை.

பிரிண்ட் எடுத்து, ரைட்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தோடு சேர்த்து லேபர் ஆபீசில் கொடுத்திருக்கிறோம். மூன்று தட்டையும் உறையில் போட்டு அசலாகக் கொண்டுவரச் சொல்லி, அடுத்த மாதம் விசாரணைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். அங்கே இருக்கும் கம்ப்யூட்டரில் தட்டு திறக்காது என்பது எனக்குத் தெரியும், அதனால் உபுண்டு பென் டிரைவோடு நானும் போகிறேன்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் திறக்காத தட்டு ஏதாவது இருந்தால் புதன்கிழமை மதியம் லேபுக்குக் கொண்டு வாருங்கள். வருவதற்கு முன் யார் சொன்னாலும் அதற்கு ஃபார்மட் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.