நீர் இறைக்கும் இயந்திரத்தின் பிளக்

வெங்காயம் கிழங்கு பருக்கும் காலத்தில் ஓர் இறைப்புத் தவறினும் விளைவு குறையும். அன்றைக்குப் பார்த்து இயந்திரம் இயங்க மறுக்குமாயின், கமக்காரர் கயிற்றை இழுத்து இழுத்துக் கை சோர்ந்து, ஈற்றில் அதனைத் திருத்துநரிடம் தூக்கிச் செல்வர். அதற்கு முன் தீப்பொறிப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பெற்றோல், மண்ணெண்ணெய் இயந்திரங்களில் எரிபொருளைப் பற்றவைக்கும் தீப்பொறி இதிலேயே பிறக்கின்றது. டீசல் இயந்திரத்துக்கு இது இல்லை. அங்கே அமுக்கப்பட்ட காற்றின் வெப்பமே அவ்வேலையைச் செய்கின்றது.

இயந்திரம் ஆறிய பின்னரே கழற்றுதல் வேண்டும். முதலில் பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்து அகற்றுக. அல்லாவிடில் அது உருளைக்குள் விழுந்து சுவரைத் தேய்க்கும்.

இனி முனையைக் கவனியுங்கள். அங்குள்ள பீங்கான் இளங்கபில நிறமாகவோ சாம்பல் நிறமாகவோ இருப்பின் இயந்திரம் நலமே. உலர்ந்த கரி படிந்திருப்பின், எரிபொருள் மிகுந்து காற்றுக் குறைந்துள்ளது; சோக்கு மூடியபடி உள்ளதா, காற்று வடிகட்டி அடைபட்டுள்ளதா எனப் பார்க்க. மண்ணெண்ணெய் இயந்திரத்தில் இக்கரி பெரும்பாலும் நமது அவசரத்தின் பயனாகும். பெற்றோலில் தொடக்கி, நன்கு சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுதல் வேண்டும். நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றிச் சிறிது நேரம் ஓடவிட்டால், மறுநாள் இலகுவில் தொடங்கும். முனை எண்ணெய்ப் பசையுடன் கறுத்திருந்தால், நான்கு அடிப்பு இயந்திரத்தில் வளையங்கள் தேய்ந்திருத்தல் கூடும். புதுப் பிளக் வாங்குவதால் அக்குறை தீராது. பீங்கான் வெளிறிக் கொப்புளித்திருப்பின் அளவு மீறிச் சூடேறியுள்ளது. இதனைப் பொருட்படுத்தாது ஓட்டினால் பிஸ்டன் உருகிப் பழுதாகவும் கூடும்.

கரியை மெல்லிய கம்பித் தூரிகையால் நீக்குக. மின்வாய்களின் இடைவெளி பல சிறு இயந்திரங்களில் 0.7 முதல் 0.8 மி.மீ. வரையாகும், உங்கள் இயந்திரத்தின் கைநூலில் உள்ள அளவையே பின்பற்றுக. வளைக்க வேண்டியது பக்க மின்வாயை மட்டுமே. நடு மின்வாயை நெம்பினால் பீங்கான் வெடிக்கும்.

புதிது வாங்கும்போது பழையதையும் கடைக்குக் கொண்டுசெல்லுங்கள். புரியின் விட்டத்துடன் நீளமும் ஒத்திருத்தல் அவசியம். நீளம் மிகுந்தால் பிஸ்டன் மோதும். வெப்பத் தரத்தைக் குறிக்கும் எண்ணில் ஏமாற வேண்டாம். என்.ஜி.கே. பிளக்கில் எண் கூடினால் வெப்பத்தை விரைந்து வெளியேற்றும் குளிர் வகை; பொஷ் பிளக்கில் எண் கூடினால் சூட்டு வகை. ஆதலால் எண்ணை மட்டும் ஒப்பிட்டு வாங்குதல் தவறு.

பூட்டும்போது சாவியை உடனே எடாதீர்கள். விரலால் இறுதிவரை திருகி, பின்னர் சாவியால் புதிய பிளக்கை அரைச் சுற்றும், பழையதை எட்டிலொரு பங்கு முதல் காற்சுற்று வரையும் இறுக்கினால் போதும். அலுமினியத் தலையின் புரி இலகுவில் அழிந்துவிடும். இடைவெளி சரிபார்த்த மேலதிகப் பிளக் ஒன்றைச் சாவியுடன் இயந்திரக் கொட்டிலில் வைத்திருங்கள்.